பிடித்துவிடும்போது தசைக்குள் என்ன நடக்கிறது?

உலகச் சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான வழிகாட்டுதல் ஒன்றை 2023 டிசம்பரில் வெளியிட்டது. இடுப்புப் பட்டை அணிவதையும், இழுவை சிகிச்சையையும், ஓபியாய்டு வகை வலி மருந்துகளையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்று சொன்ன அந்த ஆவணம், உடற்பயிற்சி முதலிய சிகிச்சைகளோடு மசாஜையும் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்திருந்தது. ஆனால் மசாஜுக்குக் கிடைத்தது நிபந்தனையுடன் கூடிய பரிந்துரைதான். சான்றின் உறுதி மிகக் குறைவு என்ற குறிப்பும் அதனுடன் இருந்தது. சான்று குறைவு என்றால் ஏன் பரிந்துரைக்க வேண்டும், பரிந்துரைக்கத் தக்கது என்றால் சான்று ஏன் குறைவாக இருக்க வேண்டும் என்ற கேள்வி வாசகருக்கு எழுவது இயல்பு. 2020-இல் உலகில் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தார்கள் என்ற மதிப்பீட்டை நினைத்துப் பார்த்தால், இக்கேள்வி சிறியதன்று.

இன்னொரு பக்கம், தசையை அதிரச் செய்யும் கைக்கருவியான மசாஜ் கன் முதல் எண்ணெய்க் குளியல் நிலையங்கள் வரை, தசையில் தேங்கிய அமிலம் வெளியேறும், நச்சு நீங்கும், இறுகிய முடிச்சு உடையும் என்ற விளம்பரங்கள் நிறைந்திருக்கின்றன. பிடித்துவிட்டால் வலி குறைகிறது, உடல் இலகுவாக வளைகிறது என்று சொல்பவர்களின் அனுபவம் உண்மையானது. அந்த அனுபவத்துக்குச் சொல்லப்படும் காரணம்தான் பெரும்பாலும் தவறாக இருக்கிறது. காரணம் தவறாக இருப்பதால் எவ்வளவு அழுத்த வேண்டும், எத்தனை முறை போக வேண்டும், எப்போது போகவே கூடாது என்ற நடைமுறை முடிவுகளும் தவறிவிடுகின்றன.

முதலில் சில சொற்கள்

மசாஜ் என்பது தோலின் வழியாகத் தசை, தசைநாண், அவற்றைப் போர்த்தியிருக்கும் தசையுறை ஆகியவற்றின் மீது கையாலோ கருவியாலோ தரப்படும் முறைப்படுத்திய அழுத்தமும் அசைவும் ஆகும். இன்று உலகெங்கும் பயிற்சி நிலையங்களில் கற்பிக்கப்படும் ஐந்து அடிப்படை அசைவுகள் நீவுதல், பிசைதல், ஒரே இடத்தில் அழுத்தித் தேய்த்தல், தட்டுதல், அதிரச் செய்தல் என்பவை. இம்முறைக்கு சுவீடன் மசாஜ் என்று பெயர். 1813-இல் ஸ்டாக்ஹோமில் உடற்பயிற்சிக் கழகம் ஒன்றை நிறுவிய பேர் ஹென்ரிக் லிங்கோடு இப்பெயரைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். எனினும் இந்த அசைவுகளை வகைப்படுத்தி ஒழுங்கு செய்த பெருமை யோஹான் கியோர்க் மெஸ்கர் என்னும் டச்சு மருத்துவருக்கே உரியது என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு.

சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். அம்மருத்துவம் வகுத்த 32 புற மருத்துவ முறைகளில் இதுவும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என அது ஒன்பது வகைப்படும். இந்தப் பட்டியலில் இழுத்தலும் முறுக்கலும் அசைத்தலும் இடம்பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும்: தசையை அழுத்துவதோடு நில்லாமல் மூட்டை அதன் எல்லைவரை அசைப்பதும் தொக்கணத்தின் பகுதி. 2019-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்ட தாய்லாந்து மசாஜிலும் இதே கலப்பு உண்டு. உடல் வளைவைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாடு முக்கியமாகும்.

தசை வலி என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு வேறு நிலைமைகள் அடங்கியிருக்கின்றன.

1. பழக்கமில்லாத உடற்பயிற்சிக்குப் பிறகு தாமதமாக வரும் வலி. பயிற்சி முடிந்த உடனே இது தெரியாது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைந்து, சில நாட்களில் தானாகவே மறையும். மலைப் படிகளில் ஏறிய மறுநாள் இறங்கும்போது தொடை பிடிப்பது இந்த வகை.

2. குறிப்பிட்ட காயமோ நோயோ காரணமாகச் சொல்ல முடியாத கழுத்து, தோள், முதுகு வலி. நீண்ட நேரம் ஒரே நிலையில் இருத்தல், உறக்கக் குறைவு, மன அழுத்தம் எனப் பல காரணிகள் இதில் கலந்திருக்கும்.

3. தசைநார் அல்லது மூட்டுப் பிணைப்பு கிழிந்ததால் வரும் வலி. நாம் சுளுக்கு என்று பொதுவாகச் சொல்வதில் பெரும்பகுதி இதுவே.

4. தசையில் உணரப்பட்டாலும் தசையில் தோன்றாத வலி. ரத்தக்குழாய் அடைப்பு, எலும்பு முறிவு, நரம்பு அழுத்தம், சிறுநீரகக் கல், சில சமயம் இதயம்கூட இதன் மூலமாக இருக்கலாம்.

மசாஜைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் முதல் இரண்டு வகைகளைப் பற்றியவை. மூன்றாவதில் அவசரப்பட்டால் கேடு; நான்காவதில் உயிருக்கே ஆபத்து.

நிலைக்காத மூன்று விளக்கங்கள்

தசையில் தேங்கும் லாக்டிக் அமிலமே வலிக்குக் காரணம், பிடித்துவிட்டால் அது வெளியேறும் என்ற கதை இவற்றுள் மிகவும் பிடிவாதமானது. கடும் பயிற்சியின்போது தசையில் லாக்டேட், அதாவது அந்த அமிலம் உடலில் இருக்கும் வடிவம், சேர்கிறது என்பது சரி. ஆனால் பயிற்சி நின்று ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் அதன் அளவு இயல்புக்குத் திரும்பிவிடுகிறது. இதயமும் கல்லீரலும் மற்றத் தசைகளும் அதை எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. மறுநாளும் அதற்கு மறுநாளும் உச்சமடையும் வலிக்கு, ஒரு மணி நேரத்தில் கரைந்துபோன பொருள் காரணமாக இருக்க முடியாது. 1902-இலேயே தியோடர் ஹஃப் என்னும் அமெரிக்க உடலியலாளர், தாமதமாக வரும் இவ்வலியைத் தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசலோடு தொடர்புபடுத்திவிட்டார். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2010-இல் வெளியான சோதனை இன்னும் ஒரு படி மேலே போனது. கைப்பிடியை இறுக்கும் பயிற்சிக்குப் பிறகு முன்கையைப் பிசைந்துவிட்டபோது, அந்தப் பிசைதல் ரத்த ஓட்டத்தை இடையிடையே தடுத்து, லாக்டேட் வெளியேறுவதைத் தாமதப்படுத்தவே செய்தது.

ரத்த ஓட்டம் பெருகுவதால்தான் வலி குறைகிறது என்பது இரண்டாவது விளக்கம். தோல் சிவந்து சூடேறுவதைப் பார்த்தவர்கள் அதை நம்புவதில் வியப்பில்லை. தோலில் ரத்தம் கூடுவது உண்மை. உள்ளே இருக்கும் பெருந்தசைக்குச் செல்லும் ரத்தம் கூடுவதில்லை. 1990-களில் டீடஸ், ஷூமேக்கர் என்னும் ஆய்வாளர்கள் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் டாப்ளர் அல்ட்ராசவுண்ட் கொண்டு தொடைத் தமனியை அளந்தபோது, நீவுதலால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. ஒப்பிட்டுப் பார்த்தால், தசையை லேசாகச் சுருக்கி விரிப்பதே ரத்த ஓட்டத்தை அதைவிட அதிகமாகக் கூட்டியது. ரத்த ஓட்டம்தான் நோக்கம் என்றால் பத்து நிமிடம் நடப்பது போதும். அதற்குக் காசும் தர வேண்டியதில்லை.

முடிச்சை உடைப்பதும் தசையுறையை உருக்கி நீட்டுவதும் மூன்றாவது. தோளில் விரலுக்குத் தட்டுப்படும், அழுத்தினால் வலிக்கும் இடங்களைப் பற்றிய கோட்பாட்டை வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஜேனட் டிராவல்; அதிபர் கென்னடியின் மருத்துவராக இருந்தவர். வலிக்கும் இடங்கள் இருப்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரே நோயாளியை இரண்டு நிபுணர்கள் தனித்தனியே தொட்டுப் பார்த்தால், முடிச்சு எங்கே இருக்கிறது என்பதில் அவர்கள் பலமுறை ஒத்துப்போவதில்லை. தசையுறையைப் பொறுத்தவரை, 2008-இல் வெளியான கணித மாதிரி ஒன்று, தொடையின் பக்கவாட்டு உறையையும் உள்ளங்கால் உறையையும் ஒரு விழுக்காடு அளவுக்குச் சுருக்கவே மனிதக் கையால் தர முடியாத விசை தேவை என்று காட்டியது. அவ்வளவு எளிதில் நீளும் பொருளாக அது இருந்திருந்தால் நாம் நிற்கவும் நடக்கவும் முடியாது.

நரம்பு வழியாக வரும் பதில்

காலில் இடித்துக்கொண்டவர் யோசிக்காமல் செய்யும் முதல் காரியம் அந்த இடத்தைத் தேய்ப்பது. இதற்கான விளக்கத்தை ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965-இல் வெளியிட்ட கட்டுரையில் முன்வைத்தார்கள். தொடுகையையும் அழுத்தத்தையும் எடுத்துச் செல்லும் நரம்பிழைகள் தடித்தவை, வேகமானவை. வலியைக் கடத்துபவை மெல்லியவை. தண்டுவடத்தில் இவை சந்திக்கும் இடத்தில் ஒரு கதவு இருப்பதாகக் கொண்டால், தொடுகைச் செய்தி மிகும்போது வலிச் செய்தி மேலே செல்வது மட்டுப்படும் என்றார்கள் அவர்கள். அந்தக் கோட்பாட்டின் நுண்விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டன. வலி அடிபட்ட இடத்திலிருந்து மூளைக்கு மாறாமல் போய்ச் சேரும் செய்தி அல்ல, வழியில் கூட்டவும் குறைக்கவும் படும் செய்தி என்ற அடிப்படை மட்டும் இன்றுவரை நிற்கிறது.

இதற்கு மேல் இரண்டு படிகள் உள்ளன. ரோமம் உள்ள தோலில் மெல்லிய, மெதுவான நரம்பிழைகள் சில உண்டு. விநாடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் இதமாக வருடும்போது அவை மிகுதியாகத் தூண்டப்படுகின்றன. இடத்தைத் துல்லியமாகச் சொல்லும் வேலை அவற்றுக்கு இல்லை, இதமான உணர்வோடுதான் அவற்றுக்குத் தொடர்பு. அனுபவமுள்ளவர்கள் எண்ணெய் தேய்க்கும் வேகம் இந்த எல்லைக்குள் வருவது தற்செயலாகத் தோன்றவில்லை. மூளையிலிருந்து கீழிறங்கி வலியைத் தணிக்கும் பாதைகள் இரண்டாவது படி. பாதுகாப்பாக இருக்கிறோம், கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வும், வலி குறையும் என்ற எதிர்பார்ப்பும் இப்பாதைகளை இயக்கும். இதை வெறும் மனப்பிரமை என்று ஒதுக்குவது சரியன்று. அந்தப் பாதைகளும் நரம்புகளால் ஆனவையே.

இந்த விளக்கத்துக்குப் பலம் சேர்க்கும் சோதனை ஒன்று 2015-இல் வெளியானது. ஒரு கெண்டைக்காலில் வலிக்கும் இடத்தின் மீது உருளையால் அழுத்தி உருட்டிய பிறகு, அந்தக் காலில் வலி தாங்கும் அளவு கூடியது. மற்றக் காலை மட்டும் உருட்டியபோதும், தொடப்படாத இந்தக் காலில் அதே பலன் கிடைத்தது. தொடாத தசையில் முடிச்சு உடைந்திருக்க வழியில்லை.

தசைக்குள் எதுவுமே நடப்பதில்லை என்று இதனால் முடிவுகட்டிவிடவும் கூடாது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 11 இளைஞர்களைச் சோர்ந்து விழும் அளவுக்கு சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு காலை மட்டும் 10 நிமிடம் பிடித்துவிட்டு, இரு தொடைகளிலிருந்தும் தசைத் துணுக்கு எடுத்துப் பரிசோதித்தார்கள். பிடித்துவிட்ட காலில் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகள் குறைந்திருந்தன. லாக்டேட் அளவில் மாற்றமில்லை. சிறிய ஆய்வுதான். அழுத்தத்தைத் தசைச் செல்கள் உணர்ந்து வினைபுரிகின்றன என்பதற்கு அது ஒரு தடயம்.

மன அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் பெருமளவு குறைகிறது என்ற புகழ்பெற்ற கூற்றின் நிலை வேறு. 2011-இல் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிக் கணக்கிட்டபோது, அந்தக் குறைவு மிகச் சிறியது, பெரும்பாலும் பூச்சியத்திலிருந்து பிரித்தறிய முடியாதது என்று தெரியவந்தது. பதற்றம் குறைவதாக மக்கள் சொல்வது உண்மை; அதற்கான ரசாயன விளக்கம் மட்டும் தேறவில்லை.

உடல் வளைவது எப்படிக் கூடுகிறது

குனிந்து கால்விரலைத் தொட முயலும்போது ஓர் இடத்தில் நின்றுவிடுகிறோம். அங்கே நம்மை நிறுத்துவது எது என்பதே வளைவைப் பற்றிய அடிப்படைக் கேள்வி. எலும்பும் மூட்டின் அமைப்பும் விதிக்கும் எல்லை ஒன்று. தசையும் தசைநாணும் காட்டும் விறைப்பு இன்னொன்று. மூன்றாவது, இதற்கு மேல் வேண்டாம் என்று நரம்பு மண்டலம் எழுப்பும் எச்சரிக்கை. தசை தன் உண்மையான எல்லையை அடைவதற்கு முன்பே அது இழுவிசையை வலியாக உணர்த்திவிடுகிறது. சில வார நீட்சிப் பயிற்சியால் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பங்கு இந்த மூன்றாவதில் நிகழ்கிறது என்றும், தசை நீளவில்லை, இழுவிசையைப் பொறுத்துக்கொள்ளும் திறன் கூடுகிறது என்றும் 2010-இல் வெப்லர், மாக்னுசன் என்னும் ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து வாதிட்டார்கள்.

மசாஜ் இரண்டாவதையும் மூன்றாவதையும் தொடுகிறது. ஆனால் ஒரே அளவில் தொடுவதில்லை.

விறைப்பை நேரடியாக அளக்க இப்போது வழி இருக்கிறது. தசைக்குள் அதிர்வலை பரவும் வேகத்தை அல்ட்ராசவுண்ட் மூலம் கணக்கிட்டால், விறைப்பான திசுவில் அலை வேகமாகவும் தளர்ந்ததில் மெதுவாகவும் செல்வதைக் காணலாம். சுவீடன் ஆய்வாளர்கள் கெண்டைக்கால் தசையை 7 நிமிடம் பிடித்துவிட்டு உடனே அளந்தபோது விறைப்பு குறைந்திருந்தது. 3 நிமிடம் ஓய்வாக வைத்திருந்துவிட்டு மறுபடி அளந்தபோது அது பழைய நிலைக்கே திரும்பியிருந்தது. ஏழு நிமிட உழைப்பின் பலன் மூன்று நிமிடத்தில் கரைந்துவிட்டது என்ற இந்த முடிவை விளம்பரங்களில் காண முடியாது.

அப்படியானால் மசாஜ் மேசையிலிருந்து எழுந்தவர் நெடுநேரம் இலகுவாக உணர்வது எதனால்? பெரும்பாலும் மூன்றாவது எல்லை தளர்வதால். ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2020-இல் மசாஜ் கன்னைக் கொண்டு கெண்டைக்காலை 5 நிமிடம் அதிரச் செய்தபோது, கணுக்கால் மேல்நோக்கி மடங்கும் அளவு சராசரியாக 5.4 பாகை கூடியது; தசையின் வலிமை குறையவில்லை. ஓட்டக்காரருக்கும் பளு தூக்குபவருக்கும் இந்த இரண்டாவது செய்தி முக்கியம். ஒரே நிலையில் நீண்ட நேரம் பிடித்து நிறுத்தும் நீட்சிப் பயிற்சி, போட்டிக்குச் சற்று முன்பு செய்யப்பட்டால் வலிமையைச் சிறிதளவு குறைக்கக்கூடும். சுருக்கமான மசாஜுக்கு அக்குறை இல்லை. 2013-இல் வெளியான இன்னொரு சோதனையில், தொடையின் பின்தசையை உருளையால் வெறும் 5 முதல் 10 விநாடி உருட்டியதும், உட்கார்ந்து முன்னே எட்டும் தூரம் 4.3 விழுக்காடு கூடியது. பத்து விநாடியில் எந்தத் திசுவும் நீண்டிருக்காது.

இதிலிருந்து பிறக்கும் முடிவு எளியது. மசாஜ் வளைவைத் தானாக நிலைநிறுத்தித் தருவதில்லை. நரம்பு மண்டலத்தின் காவல் சற்றுத் தளர்ந்திருக்கும் ஒரு சிறு இடைவேளையை அது தருகிறது. அந்த இடைவேளையில் மூட்டை அதன் புதிய எல்லைவரை அசைத்து, அந்த எல்லையில் தசைக்கு வேலையும் கொடுத்தால், பாதுகாப்பான இடம் என்று உடல் அதைப் பழகிக்கொள்கிறது. பிடித்துவிட்டதும் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டால் மறுநாள் பழைய இடத்திலேயே தொடங்க வேண்டியிருக்கும். அழுத்தலோடு இழுத்தலையும் அசைத்தலையும் சேர்த்து வைத்த தொக்கண முறை, காரணத்தை இன்றைய மொழியில் சொல்லாவிட்டாலும், நடைமுறையில் இதைக் கண்டுகொண்டிருந்தது என்றே கொள்ளலாம்.

எந்த வலிக்கு எவ்வளவு பலன்

பயிற்சிக்குப் பின் வரும் வலியைப் பொறுத்தவரை, 29 ஆய்வுகளையும் 1012 பங்கேற்பாளர்களையும் சேர்த்து 2020-இல் பிரிட்டனில் செய்யப்பட்ட தொகுப்பாய்வு தெளிவான பதிலைத் தருகிறது. மசாஜ் வலிமையையோ, தாவும் உயரத்தையோ, ஓட்ட வேகத்தையோ, தாங்குதிறனையோ கூட்டவில்லை. வளைவிலும் தாமத வலியிலும் சிறிய, ஆனால் புள்ளியியல்படி உறுதியான முன்னேற்றம் இருந்தது.

முதுகு வலியில் படம் சற்றுக் கலங்கலானது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பாய்வு 25 சோதனைகளையும் 3096 நோயாளிகளையும் பரிசீலித்து, குறுகிய காலத்தில் வலி குறைகிறது, நீண்ட காலத்தில் அந்தப் பலன் தெரியவில்லை, இவை எல்லாவற்றிலும் நம்பகம் குறைவு என்று எழுதியது. நம்பகம் குறைவதற்கு ஒரு காரணத்தை நாம் புரிந்துகொள்ள வேண்டும். மாத்திரைச் சோதனையில் மருந்து எது, வெற்று மாத்திரை எது என்று நோயாளிக்குத் தெரியாமல் மறைக்கலாம். தன்னை யாரோ பிடித்துவிடுகிறார்கள் என்பதை ஒருவரிடம் எப்படி மறைப்பது? எதிர்பார்ப்பின் பங்கையும் கையின் பங்கையும் பிரிக்க இயலாதபோது, ஆய்வை எவ்வளவு கவனமாகச் செய்தாலும் அதன் தரமதிப்பு கீழேயே நிற்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆவணத்தில் பரிந்துரையும் அவநம்பிக்கையும் அருகருகே இருப்பதன் பின்னணியில் இதுவும் உண்டு. தீங்கு குறைவு, செலவு தாங்கத்தக்கது என்றால் உறுதி குறைந்த சான்றின் மேலும் நிபந்தனையோடு பரிந்துரைக்கலாம்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடந்து 2011-இல் வெளியான சோதனை தனிக் கவனத்துக்கு உரியது. நாள்பட்ட முதுகு வலியுள்ள 401 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. ஒரு குழுவுக்கு உடலைத் தளர்த்தும் பொதுவான மசாஜ். இன்னொன்றுக்கு, குறையுள்ள தசையை ஆராய்ந்து அதை மட்டும் குறிவைக்கும் சிறப்பு மசாஜ். வாரம் ஒரு முறை வீதம் பத்து வாரம். முடிவில் இரு மசாஜ் குழுக்களும் வழக்கமான சிகிச்சையைவிட நன்றாக இருந்தன. ஆனால் அவற்றுக்கிடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆறு மாதம் வரை தெரிந்த பலன் ஓராண்டில் மங்கிவிட்டது. குறிப்பிட்ட தசையைத் திருத்துவதுதான் மருந்து என்றால் சிறப்பு மசாஜ் வென்றிருக்க வேண்டும். அது வெல்லாதது, பலன் நரம்பு வழியாக வருகிறது என்ற விளக்கத்தோடு பொருந்துகிறது. பெரிய பெயர் சூட்டிய நுட்பத்துக்கு இரட்டிப்புக் கட்டணம் கேட்கப்படும்போது இந்த முடிவை நினைத்துக்கொள்வது நல்லது.

அளவும் முக்கியம். நாள்பட்ட கழுத்து வலியுள்ள 228 பேரிடம் செய்யப்பட்டு 2014-இல் வெளியான சோதனையில், வாரம் இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 60 நிமிடம் என நான்கு வாரம் பெற்றவர்களுக்கே பலன் தெளிவாகத் தெரிந்தது. 30 நிமிட அமர்வுகள், எண்ணிக்கையைக் கூட்டியபோதும், உதவவில்லை.

வலித்தால்தான் பலனா

கண்ணில் நீர் வரும் அளவுக்கு அழுத்தினால்தான் சுளுக்கு விடும் என்ற நம்பிக்கை பரவலானது. முடிச்சை உடைக்கிறோம் என்ற விளக்கம் சரியாக இருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும். காவலைத் தளர்த்துவதே வேலை என்றால், பயமுறுத்தும் அழுத்தம் எதிர்வினையையே உண்டாக்கும். தசை தன்னைக் காத்துக்கொள்ள இறுகும். வலிக்கும் இடத்தில் இதமான வலி என்று சொல்லத்தக்க அளவு, மூச்சை அடக்காமல் தாங்கக்கூடிய அளவு, அதுவே மேல் எல்லை. அதைத் தாண்டும்போது கன்றிப்போதல் சாதாரணம். மிகக் கடுமையான அழுத்தத்துக்குப் பிறகு தசைச் செல்கள் பெருமளவில் சிதைந்து, அவற்றின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கிய நிகழ்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அரிதானது; ஆயினும் அழுத்திப் பிடித்த மறுநாள் சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் மருத்துவமனைக்குப் போவதில் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது.

கை வைக்கக் கூடாத நிலைமைகள்

டெல்லியில் 2016-இல் நேர்ந்த ஒரு மரணத்தைத் தடயவியல் மருத்துவர்கள் பின்னர் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். இறகுப்பந்து ஆடும்போது கணுக்காலில் அடிபட்ட 23 வயது இளைஞருக்கு மாவுக்கட்டுப் போடப்பட்டது. கட்டைப் பிரித்த பிறகும் காலில் வலியும் வீக்கமும் இருந்தன. வீட்டில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டார்கள். அசைவில்லாமல் இருந்த காலின் ஆழ்சிரையில் உருவாகியிருந்த ரத்தக்கட்டி இடம்பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தது. அன்பினால் செய்யப்பட்ட காரியம் அது. எந்த எச்சரிக்கைப் பட்டியலிலும் இதுவே முதலில் வர வேண்டும்:

1. மாவுக்கட்டு, அறுவை சிகிச்சை, நீண்ட படுக்கை, நீண்ட பயணம் ஆகியவற்றுக்குப் பிறகு ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, கெண்டைக்கால் வலி இருந்தால், ஸ்கேன் செய்து ரத்தக்கட்டி இல்லை என்று உறுதியாகும்வரை அதைத் தொடக் கூடாது.

2. கீழே விழுந்து அடிபட்டு, அந்தக் காலை ஊன்ற முடியவில்லை என்றால் எலும்பு முறிவு இல்லை என்று தெரிந்த பிறகே மற்றது. புதிய கிழிசலின் மேல் முதல் இரண்டு, மூன்று நாட்கள் எண்ணெய் தேய்த்து உருவினால் உள்ரத்தக் கசிவு கூடும்.

3. கழுத்தைத் திடீரெனத் திருப்பி நெட்டி முறிப்பது மசாஜ் ஆகாது. முடி வெட்டி முடித்ததும் சலூனில் இலவசமாகக் கிடைக்கும் இந்தச் சேவையை மறுத்துவிடுவதே நல்லது. கழுத்து முள்ளெலும்புகளின் வழியே மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவர் இத்தகைய திருப்பலில் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் உண்டு.

4. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், எலும்புத் தேய்மானம் முற்றியவர்கள், புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்கள் ஆகியோருக்கு ஆழ்ந்த அழுத்தம் ஆகாது. நீரிழிவால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடான எண்ணெயும் ஒத்தடமும் புண்ணை உண்டாக்கலாம். சுடுவது அவர்களுக்குத் தெரியாது.

5. காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, கால் மரத்துப்போதல், சிறுநீர் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல் இவற்றோடு வரும் முதுகு வலி நேராக மருத்துவரிடம் போக வேண்டியது. இடது தோளிலும் தாடையிலும் பரவும் நெஞ்சு அழுத்தத்தை வாயுப் பிடிப்பு என்று நீவிக்கொண்டிருப்பதும் இதே வகைத் தவறு.

எப்படிப் பயன்படுத்துவது

பயிற்சிக்குப் பின் வரும் வலிக்கு வீட்டிலேயே செய்துகொள்வது போதும். உருளையோ உள்ளங்கையோ, ஒரு தசைக்கு ஒன்றிரண்டு நிமிடம். எந்த எண்ணெய் என்பதில் அளவுக்கு மீறிய விவாதம் வேண்டியதில்லை. கை வழுக்கிச் செல்ல நல்லெண்ணெயே போதுமானது. கற்பூரமும் மெந்தாலும் சேர்ந்த தைலங்கள் தோலில் சூடு அல்லது குளிர்ச்சியை உணர்த்தி அதே நரம்பு வழியாகத்தான் கவனத்தைத் திருப்புகின்றன.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் கழுத்து, முதுகு வலியானால், முதலில் இயன்முறை மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொண்டு, மசாஜை அவர் தரும் பயிற்சிக்குத் துணையாக வைத்துக்கொள்ள வேண்டும். பிடித்துவிட்ட அரை மணி நேரத்துக்குள் பயிற்சியைச் செய்வது மேலே சொன்ன இடைவேளையைப் பயன்படுத்தும் வழி. நான்கு அல்லது ஐந்து வாரத்தில் வலியிலோ அசைவிலோ மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். இன்னும் பத்து அமர்வுக்கு முன்பணம் கட்டச் சொல்பவரிடம் அதற்கான காரணத்தைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

மாற்றம் தெரிகிறதா என்பதை நினைவை நம்பி முடிவு செய்யாமல் அளந்து பார்ப்பது நல்லது. கணுக்காலுக்கு எளிய முறை ஒன்று இருக்கிறது. சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொட வேண்டும். தொட முடிந்தால் பாதத்தைச் சற்றுப் பின்னே நகர்த்தி மறுபடி முயல வேண்டும். குதிகால் தூக்காமல் முழங்கால் சுவரைத் தொடும் கடைசி இடத்தில், பெருவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளவுநாடாவால் அளந்து தேதியோடு எழுதி வைக்கலாம். பிடித்துவிட்ட உடனே எடுத்த அளவை விட்டுவிட்டு, மறுநாள் காலையில் எடுத்த அளவையே கணக்கில் கொள்ள வேண்டும்.